கருணாவுக்கு, ரியோஹா பார்த்துவிட்டு

பில்பாவோ

அன்புள்ள கருணா,

உன் கடிதம் வந்தது. முழங்கால் அறுவை முடிந்து, கைத்தடி இல்லாமல் தெருமுனை வரை நடக்கிறாய் என்று படித்ததும் மனசு நிம்மதியானது. வலிக்கிறது என்று பிசியோதெரபியை மட்டும் நிறுத்திவிடாதே. இங்கே பேத்தி நன்றாக இருக்கிறாள். தமிழும் ஸ்பானிஷும் கலந்து பேசுகிறாள். எனக்குப் பாதி புரிகிறது, மீதியைக் கையைக் காட்டிப் புரியவைக்கிறாள்.

"ஒயினைப் பீப்பாயில் ஊற்றி வருஷக்கணக்கில் வைக்கிறார்களே, உள்ளே என்னதான் நடக்கிறது?" என்று கேட்டிருந்தாய். மகளும் மருமகனும் என்னை ரியோஹா என்ற ஸ்பெயின் ஒயின் வட்டாரத்தில் இருக்கும் ஆரோ ஊருக்குக் கூட்டிப்போனதிலிருந்து எனக்கும் அதே நினைப்புதான். பில்பாவோவிலிருந்து தெற்கே காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். வழியெல்லாம் மழை. கந்தாபிரியா மலைத்தொடரைத் தாண்டியதும் பளிச்சென்று வெயில். அட்லாண்டிக் மேகங்களை அந்தச் சுண்ணாம்புப் பாறைச் சுவர் வடக்கிலேயே தடுத்துவிடுகிறது. தெற்குச் சரிவிலிருந்து எப்ரோ ஆறு வரை கண்ணுக்கு எட்டிய தூரம் திராட்சைதான். பழைய தோட்டங்களில் கொடியைக் கம்பியில் ஏற்றுவதில்லை. இடுப்பளவு குத்துச்செடியாகவே விட்டுவிடுகிறார்கள். ரியோஹா முழுவதும் சுமார் 65,000 ஹெக்டேர். அதில் பெரும்பகுதி தெம்ப்ரனியோ என்ற கறுப்புத் திராட்சை. கிழக்கே வெப்பம் கூடிய பகுதியில் கர்னாச்சா என்ற இன்னொரு கறுப்புத் திராட்சையும் நன்றாக விளைகிறது.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். மரத்துக்கு உறுதி தரும் லிக்னினைப் பற்றி வகுப்பில் பாடம் நடத்திய ஆள் நீ, அதனால் விரித்தே சொல்கிறேன். பீப்பாய் ஒவ்வொன்றும் 225 லிட்டர், பிரான்சின் போர்தோ நகரத்து அளவு. ஓக் பலகையை நெருப்பில் வாட்டித்தான் வளைக்கிறார்கள். அந்தச் சூட்டில் லிக்னின் உடைந்து, வெனிலா மணம் தரும் வனிலின் வருகிறது. ரியோஹாக்காரர்கள் நெடுங்காலமாக விரும்பி வாங்கியது அமெரிக்க ஓக். அதில் லாக்டோன் என்ற மணப்பொருளில் ஒரு வகை அதிகம். தேங்காய் மணம் அதனால்தான். ஆனால் இந்த வாசனை எல்லாம் புதுப் பீப்பாயின் வேலை. சில வருஷம் புழங்கிவிட்டால் மரம் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து முடித்துவிடும். அதன் பிறகும் அதே பீப்பாயில் ஒயினை வைக்கிறார்களே, ஏன்? காற்றுக்காக. பலகை இடுக்கு வழியாகவும் அடைப்பு வழியாகவும் ஆக்சிஜன் மிகமிக மெதுவாக உள்ளே போகிறது. துவர்ப்பு தரும் டானினும் நிறம் தரும் ஆந்தோசயனினும் ஒன்றோடொன்று பிணைந்து நிலையான நிறமாகின்றன. நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு தணிகிறது. ஊதா கலந்த சிவப்பு, செங்கல் நிறத்துக்கு இறங்குகிறது. சில மாதங்களுக்கு ஒருமுறை மண்டியை அடியிலேயே விட்டுத் தெளிந்ததை வேறு பீப்பாய்க்கு மாற்றுகிறார்கள். அப்போதும் கொஞ்சம் காற்றுப் படும். அவசரப்படுத்த முடியாத வினை இது.

நான் பார்த்த வரையில் ரியோஹாவின் கதை முழுக்க இந்தக் காலத்துக்கு யார் விலை கொடுப்பது என்பதுதான். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில், லபாஸ்திதா ஊரைச் சேர்ந்த மானுவேல் கின்தானோ என்ற பாதிரியார் போர்தோவுக்குப் போய் இந்த முறையைக் கற்றுக்கொண்டு வந்தார். அவர் பீப்பாயில் வைத்துப் பக்குவப்படுத்திய ஒயின் கியூபா வரை கப்பலில் போயும் கெடவில்லை. ஆனால் உள்ளூர் விதிப்படி எல்லா ஒயினுக்கும் ஒரே விலை! பீப்பாய்க்கும் காத்திருப்புக்கும் ஆன செலவை அவர் எங்கே போய் எடுப்பார்? முயற்சி அதோடு நின்றது. நினைக்க நினைக்க எனக்கு அவருக்காக வயிறு எரிகிறது. வேலையில் ஒரு குறையும் இல்லை, விலை நிர்ணயித்தவர்கள் தோற்கடித்துவிட்டார்கள். 1852-இல் லூசியானோ முரியேத்தா லொக்ரோன்யோவில் அதே முறையை மறுபடி தொடங்கும் வரை அரை நூற்றாண்டுக்கு மேல் வீணாயிற்று.

அடுத்து பிரான்சின் கொடிகளை ஃபிலாக்சரா என்ற வேர்ப்பூச்சி தின்று தீர்த்தது. போர்தோ வியாபாரிகள் சரக்குத் தேடி மலை தாண்டி வந்தார்கள். ஆரோவுக்கு 1860-களிலேயே ரயில் வந்துவிட்டிருந்ததால், பெரிய ஒயின் நிறுவனங்கள் ஸ்டேஷனை ஒட்டியே எழும்பின. லோபெஸ் தே எரேதியா 1877, குனே 1879, லா ரியோஹா ஆல்தா 1890. இன்றும் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. பூச்சி கடைசியில் இங்கேயும் வந்தது, ஆனால் அதற்குள் தொழில் வேர் பிடித்துவிட்டது. லோபெஸ் தே எரேதியாவில் இன்னமும் பீப்பாயைத் தாங்களே செய்கிறார்கள். முட்டை வெள்ளைக்கரு ஊற்றித்தான் ஒயினைத் தெளிய வைக்கிறார்கள்.

இப்போது விதி தலைகீழ். எவ்வளவு காலம் வைத்திருந்தார்கள் என்பதைப் பொறுத்து ஒயினுக்குத் தரப் பெயர். கிரியான்சா என்றால் குறைந்தது இரண்டு வருஷம், அதில் ஒரு வருஷம் பீப்பாயில். ரிசர்வா மூன்று வருஷம். கிரான் ரிசர்வா ஐந்து வருஷம். பீப்பாயில் இரண்டு, பாட்டிலில் இரண்டாவது இருந்தே ஆக வேண்டும். பாட்டிலின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் முத்திரையே இதைச் சொல்லிவிடும். வேறு பல ஊர்களில் நல்ல ஒயினை வாங்கி வீட்டில் அடுக்கி, பக்குவமாகட்டும் என்று வாங்கியவன் காத்துக்கிடக்க வேண்டும். இங்கே விற்பவனே முதலை முடக்கிப்போட்டுக் காத்திருக்கிறான். நிலவறை வைத்துக்கொள்ள வசதியில்லாதவனும் பக்குவமான ஒயினைக் கடையில் வாங்கலாம். இந்த ஏற்பாட்டின் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

இதற்கு எதிர்ப்பும் உண்டு. "வயசை மட்டும் எழுதுகிறீர்களே, விளைந்த நிலம் எங்கே?" என்று கேட்கிறார்கள் சிலர். லகுவார்தியாவின் அர்த்தாதி நிறுவனம் 2015 கடைசியில் ரியோஹா முத்திரையே வேண்டாம் என்று வெளியேறியது. 2017-இல் தனித் தோட்டங்களின் பெயரைப் போட வழி செய்தார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. மலையடியில் சுண்ணாம்பு மண்ணில் விளைந்ததும் கிழக்கே வெயிலில் பழுத்ததும் ஒன்றாகிவிடாது. இடத்தின் பெயரும் இருக்கட்டும், ஆனால் காலக் கணக்கை எடுத்துவிடக் கூடாது என்பது என் கட்சி.

டிசம்பரில் ஊருக்கு வருகிறேன். உனக்கு ஒரு ரிசர்வா எடுத்துவருகிறேன், டாக்டர் சரி என்று சொன்னால் திறப்போம். இங்கே 17, 18 டிகிரியில் குடிப்பார்கள். நம் ஊர்ச் சூட்டில் அப்படியே ஊற்றினால் ஆல்கஹால் நெடிதான் முந்தும். முன்னாடியே அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைக்கச் சொல். கூட ஆட்டுக்கறி வறுவல் இருக்கட்டும்; இங்கேயும் இதற்குத் திராட்சைச் சுள்ளியில் சுட்ட ஆட்டுக்குட்டிக் கறிதான் ஜோடி.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். எக்ஸ்ரே பார்த்து டாக்டர் என்ன சொன்னார் என்று அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
ராஜேந்திரன்