சேகருக்கு, நீ அனுப்பிய ஃபார்வர்ட் பற்றி

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். உன் மகளுக்கு வேலை கிடைத்ததை ரமணி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அதற்குத் தனியாக ஒரு சண்டை பாக்கி இருக்கிறது.

மாதக்கணக்கில் ஒரு வரி எழுதாதவன், எழுந்து வந்ததும் அனுப்பியது முஸ்லிம்களைத் திட்டும் அந்த ஃபார்வர்டையா? சிவப்பு எழுத்து, வரிக்கு நாலு ஆச்சரியக்குறி, கடைசியில் ‘உண்மையான தேசபக்தன் இதைப் பத்துப் பேருக்கு அனுப்புவான்’ என்ற மிரட்டல். நான் ஒரு வரி விடாமல் படித்தேன். நீ படித்திருக்க மாட்டாய். பரீட்சையிலேயே கேள்வித்தாளை முழுசாகப் படிக்காதவன் நீ.

படித்திருந்தால் நடுவில் ‘ஈராக்கில் நம் வீரர்கள் சிந்திய ரத்தம்’ என்று ஒரு வரி இருப்பதைப் பார்த்திருப்பாய். யாருடைய வீரர்கள்டா? அமெரிக்கா ஈராக் மீது தொடுத்த அந்தப் போரைக் கண்டித்து 2003 ஏப்ரலில் நம் நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. படை அனுப்பச் சொல்லி அமெரிக்கா கேட்டபோது, வாஜ்பாய் அரசு அந்த ஜூலையில் முடியாது என்று சொல்லிவிட்டது. எவனோ ஒரு அமெரிக்கன் தன் ஊர்க்காரர்களுக்கு எழுதியதை, ‘நம்’ என்பதைக்கூட மாற்றாமல் நம் ஆட்கள் சுற்றுக்கு விட்டிருக்கிறார்கள். இன்னொருவன் கோபத்தை இரவல் வாங்குவது என்றால் இதுதான்.

அப்புறம் அந்த அமெரிக்கத் தளபதி பெர்ஷிங் கதை. பிலிப்பைன்ஸில் 1911இல் ஐம்பது முஸ்லிம் பயங்கரவாதிகளைப் பிடித்து, பன்றி ரத்தத்தில் தோய்த்த குண்டுகளால் 49 பேரைச் சுட்டுவிட்டு, போய்ச் சொல் என்று ஒருவனை மட்டும் விட்டாராம். அடுத்த 42 வருடம் உலகத்தில் எங்கும் ஒரு தாக்குதல்கூட இல்லையாம். இதே கதையை டிரம்ப் 2016 பிரசாரத்தில் சொன்னபோது 42 வருடம் 25 ஆனது. மறு வருடம் அவரே ட்விட்டரில் போட்டபோது 35 ஆகிவிட்டது. நம் வாத்தியார் புலி அடித்த கதை தோற்றது போ.

பெர்ஷிங் அப்படிச் செய்ததற்கு வரலாற்று ஆய்வாளர்களுக்கு எந்த ஆதாரமும் கிடைக்கவில்லை. அவர் தெற்கு பிலிப்பைன்ஸில் மோரோ முஸ்லிம்கள் வாழ்ந்த மாகாணத்துக்கு 1909 முதல் 1913 வரை ஆளுநராக இருந்தார் என்பது நிஜம். அதற்கு முன்பு, லனாவோ ஏரிப் பக்கம் இளம் அதிகாரியாக இருந்தபோது, குர்ஆனைப் படித்து, தலைவர்களின் ஊர்களுக்கே போய்ப் பேசி, ‘டாட்டு’ (தலைவர்) என்ற கௌரவப் பட்டமும் வாங்கியவர். அதற்காக அவரைச் சாது என்று நினைத்துவிடாதே. 1913 ஜூனில் பட் பக்சாக் மலையில் அவர் தலைமையில் நடந்த சண்டையில் நூற்றுக்கணக்கான மோரோக்கள் செத்தார்கள். இப்போது யோசி. 1911இலேயே பன்றி ரத்தத்தோடு எல்லாம் அடங்கிவிட்டது என்றால், 1913இல் அவர் யாரோடு சண்டை போட்டார்?

கதையில் விட்டுப்போனதுதான் எனக்கு உறுத்துகிறது. 1898இல் ஸ்பெயினைத் தோற்கடித்த அமெரிக்கா, இரண்டு கோடி டாலர் கொடுத்து அந்தத் தீவுகளை வாங்கியது. அங்கே குடியிருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் ஊருக்குத் துப்பாக்கியோடு வந்த அந்நியனை எதிர்த்தவர்கள் அவர்கள். நம் ஊரில் அப்படி எதிர்த்தவனுக்குச் சிலை வைக்கிறோம். 1906இல் பட் டாஜோ எரிமலை வாயில் அமெரிக்கப் படையினர் பெண்கள் குழந்தைகள் உட்பட நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்றார்கள். உன் ஃபார்வர்டில் அது ஏன் இல்லை?

பிரிட்டன் பள்ளிகளில் முஸ்லிம்கள் மனம் புண்படும் என்று யூதப் படுகொலைப் பாடத்தையே எடுத்துவிட்டார்கள் என்று அதில் இருப்பதும் பொய். இங்கிலாந்தில் அது கட்டாயப் பாடம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2007இல் இது சுற்றியபோது ‘யுகே’ என்ற இரண்டு எழுத்தைப் பார்த்து, அதே சுருக்கப்பெயர் கொண்ட அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகம்தான் எடுத்துவிட்டது என்று ஒரு கூட்டம் கிளம்பிவிட்டது. பாவம், நாங்கள் அப்படி எதுவும் செய்யவில்லை என்று அவர்கள் உட்கார்ந்து மறுப்பு எழுத வேண்டியதாயிற்று.

‘அப்போ செப்டம்பர் 11 நடக்கவே இல்லையா’ என்று கேட்பாய். நடந்தது. கிட்டத்தட்ட மூவாயிரம் பேரைக் கொன்றார்கள், அதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. விமானங்களைக் கடத்திய 19 பேரில் 15 பேர் சவூதிக்காரர்கள், இருவர் அமீரகம், ஒருவன் எகிப்து, ஒருவன் லெபனான். ஈராக்கியன் ஒருவன்கூட இல்லை. ஆனால் குண்டு விழுந்தது பாக்தாத்தில். அங்கே இருக்கிறது என்று அமெரிக்கா சொன்ன பேரழிவு ஆயுதங்கள் கடைசிவரை கிடைக்கவில்லை. பின்னால் அந்த நாட்டில் தலையெடுத்த ஐஎஸ் என்ற பயங்கரவாதக் கும்பல், மோசூலில் எண்ணூறு வருடத்துக்கு மேல் பழைய அல் நூரி மசூதியை 2017இல் வெடிவைத்துத் தகர்த்தது. அந்தக் கும்பலை வீடு வீடாகப் போய் விரட்டிய ஈராக்கியப் படையினரில் பெரும்பாலோரும் முஸ்லிம்கள்தான்.

சல்மான் ஹம்தானி என்ற பெயரைத் தேடிப் பார். கராச்சியில் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்தவன், 23 வயது, அந்த ஊர்க் காவல்துறையில் பயிற்சி வீரனாக இருந்தவன், அவசர மருத்துவ உதவிப் பயிற்சியும் உண்டு. அந்தச் செப்டம்பர் 11 காலை வேலைக்குக் கிளம்பியவன் வீடு திரும்பவில்லை. முஸ்லிம், ஆளையும் காணோம். போதாதா? இவனுக்கும் சதியில் பங்கு இருக்குமோ என்று சந்தேகப்பட்டார்கள். மகனைத் தேடி அலைந்த பெற்றோரிடமே விசாரணை. இடிபாடுகளில் கிடைத்த உடலின் மிச்சம் அவனுடையதுதான் என்று 2002இல் உறுதியானது. காயப்பட்டவர்களுக்கு உதவ ஓடியிருக்கிறான்.

இவ்வளவு நீளமாக நான் எழுதக் காரணம் உன் பெறுநர் பட்டியல். நம் பழைய நண்பர்கள் குழு முழுவதையும் ஒரே சொடுக்கில் சேர்த்திருக்கிறாய். மூன்றாவது முகவரி பஷீருடையது. பார்க்கவில்லை என்பாய், நம்புகிறேன். ஆனால் அந்த ஃபார்வர்டில் ‘அவர்கள்’ என்று வருகிற இடத்தில் எல்லாம் பஷீர் என்று போட்டு ஒரு முறை சத்தமாகப் படி. உன் தம்பி ஆஸ்பத்திரியில் கிடந்த ராத்திரி எவன் ரத்தம் கொடுத்தான் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படி ரத்தம் கொடுக்காத, நமக்கு முகமே தெரியாத பஷீர்களைப் பற்றியும் அப்படி ஒரு வரி எழுத யாருக்கும் உரிமை கிடையாது என்பது வேறு விஷயம்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. சந்திப்புக்கு எந்தத் தேதி சரிப்படும் என்று மட்டும் எல்லோருக்கும் பதில் போட்டிருக்கிறான். நீ என்ன செய்ய வேண்டும் என்றால், அதே பட்டியலுக்கு, அதே குழுவுக்கு, ‘அனுப்பியது தப்பு, அதில் இருப்பது பொய்’ என்று இரண்டு வரி எழுது. அவனுக்கு மட்டும் ரகசியமாக ஸாரி சொல்லித் தப்பிக்காதே. பொய் எத்தனை பேருக்குப் போனதோ மறுப்பும் அத்தனை பேருக்குப் போகட்டும். வேண்டுமானால் இந்தக் கடிதத்திலிருந்து எடுத்துக்கொள், கேள்வித்தாளைத்தான் படிக்க மாட்டாய், விடையைப் பார்த்து எழுதத் தெரியுமே.

தேதி இன்னும் முடிவாகவில்லை. ரமணிக்கு இரண்டாம் சனி வேண்டுமாம், பஷீருக்கு ஞாயிறு. உன் பதில் வந்தால்தான் அறை பதிவு செய்ய முடியும், சீக்கிரம் எழுது.

அன்புடன்,
மூர்த்தி