விமானிக்கு ஒரு வருட நோட்டீஸ் உண்டு. பேச ஒரு சங்கம் வேண்டாமா?

மதிப்பிற்குரிய மத்திய விமானப் போக்குவரத்துத் துறை அமைச்சர் அவர்களுக்கும், சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநர் அவர்களுக்கும்,

வணக்கம். நான் அரசு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சங்கத்தில் கிளைப் பொறுப்பும் வகித்திருக்கிறேன். என் மகள் ஒரு தனியார் நிறுவனத்தில் துணை விமானி. எந்த நிறுவனம் என்று இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அவளைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். இந்த மடலை நான் எழுத வேண்டியிருப்பதற்கு அந்தப் பயமே பாதிக் காரணம்.

2025 டிசம்பரில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். இண்டிகோ ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்களை ரத்து செய்தது. காரணமாகச் சொல்லப்பட்டது விமானிகளின் ஓய்வு விதி. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியானது. இரவில் தரையிறங்குவது ஆறு முறையிலிருந்து இரண்டு முறையாகக் குறைந்தது. ஆனால் இந்த விதி வானத்திலிருந்து குதிக்கவில்லை. 2024 ஜனவரியிலேயே வெளியானது, தள்ளிப்போனது, விமானிகள் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போன பிறகு 2025 ஜூலையிலும் நவம்பரிலும் இரண்டு கட்டமாக அமலுக்கு வந்தது. அதற்குள் எத்தனை விமானிகள் கூடுதலாகத் தேவை என்று கணக்குப் போட நேரம் இருந்தது. உள்நாட்டுப் பயணிகளில் 60 சதவீதத்துக்கும் மேல் சுமக்கும் அந்த நிறுவனத்தில், நிர்வாகத்துக்கு எதிரே உட்கார்ந்து "ஆள் போதாது, ரோஸ்டர் தாங்காது" என்று சொல்ல ஒரு விமானிகள் சங்கம் இல்லை. கடைசியில் நீங்கள் என்ன செய்தீர்கள்? அந்த நிறுவனத்துக்கு இரவு விதியிலிருந்து 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு கொடுத்தீர்கள். ஆள் எடுக்காதவனுக்குச் சலுகை, தூக்கம் விழித்தவனுக்கு இன்னொரு இரவு.

சம்பளத்துக்கு வருகிறேன். "லட்சக்கணக்கில் வாங்குகிறவர்களுக்குச் சங்கம் எதற்கு?" என்பது ஊரில் எல்லோரும் கேட்கிற கேள்வி. மகளின் சம்பளச் சீட்டைப் பார்க்கும்வரை நானும் அப்படித்தான் நினைத்தேன். அதில் பெரிய தொகை பறக்கும் மணிக்கணக்கில் வருகிறது. விமானம் நிற்கும் இடத்திலிருந்து நகர்ந்ததிலிருந்து, போய்ச் சேர்ந்து நிற்கும்வரைதான் மணி ஓடும். அதிகாலை இரண்டேகாலுக்கு வீட்டு வாசலில் வண்டி வந்துவிடும். விமான நிலையத்தில் மூச்சுச் சோதனை, வானிலைத் தாள், எரிபொருள் கணக்கு. அப்புறம் டெல்லியில் மூடுபனி என்று மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தால் அந்த மூன்று மணிக்குப் பறக்கும் கணக்கில் பூஜ்யம். இந்த ஏற்ற இறக்கத்துக்குத் தடுப்பாக இருப்பதுதான் மாதத்துக்கு இத்தனை மணி என்று உறுதி கொடுக்கும் தொகை. பயிற்சிக்கு அரைக் கோடிக்கு மேல் கடன் வாங்கிய பிள்ளைகள் அந்தத் தொகையை நம்பித்தான் தவணை கட்டுகிறார்கள்.

2023 ஏப்ரலில், டாடா குழுமத்தின் ஏர் இந்தியா கை வைத்தது அந்த உறுதியில்தான். மாதம் 70 மணி 40 மணியானது. ஐசிபிஏ, ஐபிஜி என்ற அங்குள்ள இரண்டு விமானிகள் சங்கங்களும் மறுத்தன. நிறுவனம் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கையெழுத்துக் கேட்டது. 1,500-க்கும் மேற்பட்ட விமானிகள் ரத்தன் டாடாவுக்கு மனு எழுதினார்கள். படித்த, உரிமம் பெற்ற, நூற்றுக்கணக்கான உயிர்களுக்குப் பொறுப்பான மனிதர்கள், பெரியவரிடம் முறையிடுவதுபோல் மனு எழுத வேண்டிய நிலை! மறு ஆண்டு டாடாவின் இன்னொரு விமான நிறுவனமான விஸ்தாராவில் அதே 40 மணி வந்தபோது பலர் உடம்பு சரியில்லை என்று விடுப்பு எடுத்தார்கள், விமானங்கள் ரத்தாயின, நிறுவனம் தினசரிச் சேவையில் சுமார் பத்து சதவீதத்தைக் குறைத்தது. பேசுவதற்கு முறையான வாசல் இல்லாத இடத்தில் ஆட்கள் ஜன்னல் வழியாகத்தான் போவார்கள். இப்போது புதிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு, பாதிப் பேரோ அதற்கு மேலோ கூட்டாகத் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தமே என்கிறது. சரி, ஜன்னலை மூடுங்கள். வாசலைத் திறந்துவிட்டு மூடுங்கள்.

2023-இல் இன்னொன்றும் நடந்தது; அதைப் பலர் கவனிக்கவில்லை. நான்கு ஆண்டு அனுபவமுள்ள கேப்டன்களை "மூத்த கமாண்டர்" ஆக்கி நிர்வாகப் பிரிவில் சேர்ப்பதாக ஏர் இந்தியா சொன்னது. பதவி உயர்வு மாதிரி தெரியும். சங்கத்திலிருந்து மூத்தவர்களைக் கழற்றும் வழி அது. மிச்சமிருப்பது கடன் கட்டுகிற துணை விமானிகள். அவர்கள் எங்கே வாயைத் திறப்பார்கள்?

கேப்டன் மேற்பார்வையாளர், அதனால் தொழிலாளி அல்ல என்ற வாதம் பழையது. அவர் முதன்மையாகச் செய்வது விமானம் ஓட்டும் வேலை. விமானி தொழிலாளியே என்று நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. ஒரு பேச்சுக்கு அவரை அதிகாரி என்றே வைத்துக்கொள்வோம். எங்கள் வங்கித் துறையைப் பாருங்கள். ஊழியர்களுக்கு 1966 முதல் இருதரப்பு ஒப்பந்தம். அதிகாரிகள் சட்டப்படி தொழிலாளிகள் அல்ல. ஆனாலும் வங்கி நிர்வாகங்களின் அமைப்பான இந்திய வங்கிகள் சங்கம் அதிகாரிகளின் அமைப்புகளோடு உட்கார்ந்து, கூட்டுக் குறிப்பு என்ற சம்பள உடன்பாட்டில் கையெழுத்துப் போடுகிறது. 2024 மார்ச் 8-ஆம் தேதி பன்னிரண்டாவது ஒப்பந்தமும் அதிகாரிகளின் கூட்டுக் குறிப்பும் ஒன்றாகவே கையெழுத்தாயின, 17 சதவீத உயர்வு. பேச்சு இழுத்தது, இடையில் நாங்களும் கோஷம் போட்டோம். ஆனால் மேலாளரைத் தனியாக அறைக்குள் கூப்பிட்டு "கையெழுத்துப் போடு" என்று யாரும் மிரட்டவில்லை.

சங்கங்களின் மேல் தவறே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2012-இல் ஏர் இந்தியாவில் 58 நாள் நடந்த வேலைநிறுத்தம், புதிய ட்ரீம்லைனர் விமானத்தில் யாருக்குப் பயிற்சி என்று ஒரு பிரிவு விமானிகள் இன்னொரு பிரிவைத் தள்ளிவைக்கப் பார்த்ததால் வந்தது. பயணிகள் நாறிப்போனார்கள். எனக்கு அதில் துளியும் அனுதாபம் இல்லை. ஆனால் அந்தப் பகை 2007-இல் அரசே ஏர் இந்தியா, இந்தியன் ஏர்லைன்ஸ் என்ற தன் இரண்டு நிறுவனங்களை இணைத்து, சம்பளத்தையும் சீனியாரிட்டியையும் இணைக்காமல் விட்டதன் விளைவு. முந்தைய ஆண்டு பத்து நாள் நடந்த வேலைநிறுத்தமும் சம ஊதியம் கேட்டுத்தான். இரண்டு முறையும் வேலைநிறுத்தம் செய்த சங்கத்தின் அங்கீகாரம் ரத்தானது.

உங்களிடம் கேட்பது பெரிய விஷயம் இல்லை. புதிய சட்டம், 51 சதவீத ஆதரவுள்ள சங்கமே பேச்சுவார்த்தைச் சங்கம் என்கிறது. கேப்டன் உட்பட எல்லா விமானிகளுக்கும் இது பொருந்தும் என்று எழுத்தில் தெளிவுபடுத்துங்கள். குளிர்கால அட்டவணைக்கு அனுமதி கொடுக்கும் முன் அந்தச் சங்கத்திடம் ஆள் கணக்கைக் கேளுங்கள்.

அடுத்து நோட்டீஸ். 2017-இல் இயக்குநரகம் போட்ட விதிப்படி, கேப்டன் வேலையை விட ஒரு வருடம், துணை விமானி ஆறு மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டும். பயணிகள் நலன் என்றீர்கள். அப்படியானால் அதே பயணிகள் நலனுக்காக, சங்கத்தோடு உடன்பாடு இல்லாமல் சம்பளத்தையோ உறுதி மணியையோ குறைக்கும் நிறுவனம் அந்த நோட்டீஸ் காலத்தைக் கேட்க முடியாது என்று ஒரு வரி சேருங்கள். நாடாளுமன்றம் போக வேண்டியதில்லை; இயக்குநரகம் போட்ட விதியை இயக்குநரகமே திருத்தலாம்.

இப்படிக்கு,
ஒரு துணை விமானியின் தகப்பன், சென்னை