ஜெராக்ஸ் கடை அக்காவுக்கு

திருவொற்றியூர் தேரடி பக்கம் ஜெராக்ஸ் கடையில இருந்த அக்கா, உங்க பேர் கூட கேக்காம ஓடிட்டேன், இது எப்படியாவது உங்க கண்ணுல படணும்.

மூணு வருஷமா காதல் கதை எழுதி போட்டிக்கு அனுப்புறேன், ஒண்ணும் தேறல. இந்த வாட்டி குறுநாவல், 2021 காதலர் தினத்தன்னைக்கு விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ திறந்தாங்கல்ல, அன்னைக்கு ஆரம்பிக்கற கதை. கடைசி நாள் பிரிண்ட் எடுக்க வந்தேன். அடுக்கும்போது பக்கத்துல கிடந்த விதிமுறை தாளை நீங்களா படிச்சுட்டு, "ஏம்மா, கதைப் பக்கத்துல பேர் இருக்கக் கூடாதாமே, உன் பேர் எல்லா பக்கத்துலயும் கீழ இருக்கே"ன்னீங்க. எனக்கு கை காலே ஓடல, பர்ஸ்ல ஸ்பீட் போஸ்ட்டுக்கு மட்டும்தான் காசு. நீங்க எதுவும் பேசாம பேரை எடுத்துட்டு 86 பக்கத்தையும் திரும்ப அடிச்சு, ஓரம் தட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, தூறுதுன்னு பிளாஸ்டிக் கவர்ல சுத்திக் குடுத்து "காசு அப்புறம் பாத்துக்கலாம், ஓடு"ன்னீங்க.

முதல் சுற்று லிஸ்ட்ல என் கதை இருக்கு அக்கா! காசு குடுக்க ரெண்டு தடவ வந்தேன், நீங்க வேலைய விட்டு நின்னுட்டீங்கன்னு சொன்னாங்க. ரொம்ப நன்றி அக்கா. தேரடி பக்கம் யாருக்காவது தெரிஞ்சா அவங்ககிட்ட இதைக் காட்டுங்க ப்ளீஸ்.