அண்ணனைத் தாங்கிப் பிடித்த உங்கள் எல்லோருக்கும்: ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்டை வீட்டாருக்கும், அண்ணனோடு வேலை பார்க்கும் நண்பர்களுக்கும், இரவு முறைக்கு வந்த தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

நன்றி சொன்னால் "நாங்க என்ன பெருசா செஞ்சுட்டோம்" என்கிறீர்கள். அதனால் நீங்கள் செய்தது என்ன, அது எதைத் தடுத்தது என்பதை விவரமாகவே எழுதிவிடுகிறோம். இதே நிலையில் இருக்கும் வேறொரு குடும்பத்தின் அக்கம்பக்கத்தார் படித்தால் அவர்களுக்கும் பயன்படட்டும்.

அண்ணனுக்குத் தண்டுவடத்தில் அடிபட்டது மார்புப் பகுதியின் நான்காம் முள்ளெலும்பு மட்டத்தில். கைகளுக்குப் பாதிப்பில்லை. மார்புக்குக் கீழே உணர்ச்சியும் இல்லை, அசைவும் இல்லை. இப்படிப்பட்டவரை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு அவர் உயிருக்கு வரும் ஆபத்துகளில் பெரும்பாலானவை முதுகெலும்பிலிருந்து வருவதில்லை. தோலிலிருந்தும் சிறுநீர்ப்பையிலிருந்தும்தான் வருகின்றன. நீங்கள் காவல் நின்றது அங்கேதான்.

முதலில் இரவு முறை. நல்ல உடம்புள்ளவர் தூக்கத்திலேயே தன்னையறியாமல் புரண்டுகொள்வார். உணர்ச்சி இல்லாத உடம்பு அப்படியே கிடக்கும். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் சதை நசுங்கி, ரத்த ஓட்டம் நின்று, உள்ளேயிருந்து அழுக ஆரம்பிக்கும். வெளியே சின்னப் புண்ணாகத் தெரியும்போது உள்ளே பெரிய குழியே இருக்கலாம். ஆற மாதக்கணக்கில் ஆகும். அதுவரை உட்காரக்கூடாது என்பதால் பயிற்சி மொத்தமும் நின்றுபோகும். 2 மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்கவைத்தீர்களே, அது தடுத்தது இதைத்தான்.

அதையும் எவ்வளவு சரியாகச் செய்தீர்கள்! இடுப்பெலும்பின் மேலேயே பாரம் விழும்படி முழுக்க ஒருக்களித்துப் போடாமல், முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்வில் நிறுத்தினீர்கள். முட்டிகளுக்கு நடுவில் ஒன்று. கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொன்று, குதிகால் மெத்தையில் படாமல் அந்தரத்தில் நிற்க. விரிப்பில் ஒரு மடிப்புகூட இருக்க விடவில்லை. திருப்பும்போது இழுக்காமல், விரிப்போடு சேர்த்துத் தூக்கி நகர்த்தினீர்கள். இழுத்தால் மேல்தோல் விரிப்போடு ஒட்டி நிற்கும், உள்சதை மட்டும் நகரும். நடுவில் இருக்கும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கிழிந்துபோகும்.

டார்ச் அடித்துத் தோலைப் பார்த்ததை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். சிவந்திருக்கும் இடத்தை விரலால் அழுத்திவிட்டு எடுத்தால், ஒரு நொடி வெளுத்துப் பிறகு நிறம் திரும்ப வேண்டும். வெளுக்கவே இல்லையென்றால் அதுதான் படுக்கைப் புண்ணின் முதல் நிலை. நம்மைப்போன்ற கருத்த தோலில் இந்தச் சிவப்பு கண்ணுக்குப் பிடிபடாது. அதனால்தான் புறங்கையை வைத்துச் சூடு தெரிகிறதா, சுற்றியுள்ள இடத்தைவிடக் கெட்டியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கச் சொன்னோம். சந்தேகம் வந்த இடத்தை நோட்டில் குறித்துவைத்து, அடுத்த முறைக்காரர் அந்தப் பக்கம் படுக்கவைக்காமல் பார்த்துக்கொண்டார். யாரும் அங்கே தேய்த்துவிடவில்லை. தேய்த்தால் ஏற்கெனவே நொந்த சதை இன்னும் கெடும். அன்போடு வாங்கிவந்த வளையக் குஷனை வேண்டாம் என்றது உங்களில் சிலருக்கு வருத்தமாக இருந்திருக்கும். நடுவில் ஓட்டை இருந்தாலும் வளையத்தின் விளிம்பு சுற்றிலும் அழுத்தி, நடுச்சதைக்குப் போகும் ரத்தத்தைத் தடுத்துவிடும். காரணம் அவ்வளவுதான், உங்கள் மனசு எங்களுக்குத் தெரியும்.

இந்த முறையால் அண்ணி இரவில் தொடர்ந்து தூங்கினார். பார்த்துக்கொள்பவரின் தூக்கமும் சிகிச்சையில் ஒரு பாகம்தான். தூக்கம் கெட்டவர் கை தவறும், நேரம் தவறும்.

வாசலில் சாய்தளம் போட்டுக் கொடுத்தவர்களே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்ல! 1-க்கு 12 என்ற கணக்கை நீங்கள் விடவே இல்லை. வாசல்படிகள் இரண்டும் சேர்ந்து 30 செ.மீ. உயரம் என்றால் சாய்தளம் 3.6 மீட்டர் நீளம் வேண்டும். நேராகப் போட இடமில்லாததால், "சும்மா கொஞ்சம் செங்குத்தாப் போட்டுக்கலாம், பின்னாலிருந்து ஒருத்தர் தள்ளுவோம்" என்று முடித்திருக்கலாம். பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான் முடிகிறது. அப்புறம் ஒருவர் வந்து தள்ளும்வரை அந்த வீட்டுக்காரர் உள்ளேயே அடைந்து கிடக்கிறார். நீங்கள் அதை இரண்டாக மடக்கி, திருப்பத்தில் ஒன்றரை மீட்டர் சதுரத்துக்குச் சமதளம் விட்டீர்கள். சக்கரம் விளிம்பில் இறங்காமல் ஓரக்கட்டை வைத்தீர்கள், மழையில் வழுக்காமல் மேற்பரப்பைச் சொரசொரப்பாக விட்டீர்கள். குளியலறைக் கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றியதும் நீங்கள்தான். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே தடுத்துவிடும் என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை.

வாரந்தோறும் வந்து சக்கர நாற்காலியைப் பார்த்துக் கொடுத்தவருக்குத் தனி வணக்கம். பிரேக் கட்டை டயரை அழுத்தித்தான் சக்கரத்தை நிறுத்துகிறது. காற்று குறைந்தால் அந்தப் பிடி தளர்ந்துவிடும். லீவர் பூட்டியதுபோலத்தான் தெரியும், ஆனால் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் போடும் பலகையில் சறுக்கி ஏறும் அந்த நொடியில் நாற்காலி நழுவும். விழுகிறவருக்குத் தொடை எலும்பு முறிந்தாலும் வலி தெரியாது. முன்சக்கரத்தின் அச்சில் சுற்றிக்கொள்ளும் முடியையும் நூலையும் எடுத்தது, காற்றுக் குஷனுக்கு அடியில் கையை விட்டு உட்காரும் எலும்புக்குக் கீழே ஒரு விரல் தடிமனுக்காவது காற்று நிற்கிறதா என்று பார்த்தது, குஷன் முன்பின் மாறிக் கிடந்தால் திருப்பிப் போட்டது, எல்லாமே வெளியில் தெரியாத வேலைகள்.

அண்ணனைத் தூக்கக் கற்றுக்கொண்ட தம்பிகள் அக்குளில் கைவிட்டுத் தூக்கும் பழக்கத்தை அடியோடு விட்டீர்கள். அவருக்கு இனி தோள்தான் கால். அது நொந்தால் மீண்டும் படுக்கைதான். நாற்காலியைக் கட்டிலுக்குச் சாய்வாக ஒட்டி நிறுத்துவது, பிரேக், கால்தாங்கியை விலக்குவது, சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால் அது எங்கும் மாட்டவில்லையே என்று ஒரு பார்வை, பிறகு பலகை. "ஒன்று, இரண்டு, மூன்று" சொல்வது அண்ணன்தான், நீங்கள் இல்லை. அந்த ஒழுங்கை இனியும் மாற்றாதீர்கள்.

நீங்கள் கற்றுக்கொண்டதிலேயே உயிர்காக்கும் விஷயம் தலைவலி பற்றியது. மார்பின் ஆறாம் முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவருக்கு, கீழே ஏதோ ஒன்று உறுத்தினால் ரத்த அழுத்தம் திடீரென்று எகிறும். மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகம் சிவத்தல், அடிபட்ட மட்டத்துக்கு மேலே வியர்வை. உடனே நேராக உட்காரவைத்துக் காலைத் தொங்கவிட வேண்டும், படுக்கவைக்கவே கூடாது. இறுக்கமான துணி, பெல்ட் எல்லாவற்றையும் தளர்த்த வேண்டும். பெரும்பாலும் காரணம் நிரம்பிய சிறுநீர்ப்பை. குழாய் போட்டிருந்தால் அது மடங்கியிருக்கிறதா என்று முதலில் பார்த்து, சிறுநீரை வெளியேற்ற வேண்டும். அதற்கடுத்து மலச்சிக்கல், அப்புறம் தோல், கால்நகம். அண்ணனின் ரத்த அழுத்தத்தில் மேல் எண் வழக்கமாக 90 முதல் 110 வரைதான். அதனால் மற்றவருக்குப் பெரிதாகத் தெரியாத 140 அவருக்கு ஆபத்து. காரணத்தை நீக்கியும் சில நிமிடங்களில் இறங்காவிட்டால் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டியதுதான். இதைச் சுவரில் எழுதி ஒட்டியதோடு நிற்காமல், முறைக்கு வரும் ஒவ்வொருவரும் மனப்பாடமாகச் சொல்லும்வரை விடாத அக்காவுக்கு எங்கள் கடன் தீராது.

ஒன்றை மட்டும் பொறுமையாகக் கேளுங்கள். அண்ணன் கால் உதறும்போது "கால் ஆடுது, சரியாயிடுச்சு!" என்று சந்தோஷப்படுகிறீர்கள். அது தசை இறுக்கத்தால் தானாக வரும் உதறல், அவர் நினைத்து அசைப்பது அல்ல. ஒவ்வொரு முறையும் இதை அவரே விளக்க வேண்டியிருப்பது அவருக்கு வேதனை. நினைத்து அசைக்கும் நாள் வந்தால் அவரே சொல்வார். அந்த உதறல் திடீரென்று அதிகமானால் வேறு காரணம் இருக்கலாம். சிறுநீர்த் தொற்றோ புண்ணோ தொடங்கியிருக்கலாம், அப்போது எங்களிடம் சொல்லுங்கள்.

இனி வரப்போகும் மாதங்களில் நாங்கள் கேட்பது வேறு மாதிரி உதவி. கேட்காமல் நாற்காலியைத் தள்ளாதீர்கள். அவர் இடுப்பையும் நெஞ்சையும் தாங்கத் தசை வேலை செய்யவில்லை, எதிர்பாராத ஒரு தள்ளலில் முன்னால் சரிந்துவிடுவார். பலகையில் ஏற நேரம் பிடித்தால் பிடிக்கட்டும். நாற்காலியில் இருக்கும்போது 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை முன்னால் குனிந்து 2 நிமிடம் அப்படியே இருப்பார், சதைக்கு ரத்தம் திரும்ப அவ்வளவு நேரம் வேண்டும். பேச்சு நடுவில் என்றாலும் பயப்படாமல் பேச்சைத் தொடருங்கள். எங்காவது கூட்டிப்போவதாக இருந்தால் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை கதீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் மெல்லிய குழாய்) போட மறைவான இடமும் கை கழுவத் தண்ணீரும் இருக்கிறதா என்று முன்பே விசாரியுங்கள். 500 மி.லி.க்கு மேல் சிறுநீரைத் தேங்கவிட்டால் சிறுநீர்ப்பை விரிந்து, தொற்று சிறுநீரகம்வரை ஏறலாம். வேலையிடத்து நண்பர்களே, மேசைக்கு அடியில் முட்டி நுழைய 70 செ.மீ. உயரம் போதும். நடு இழுப்பறையைக் கழற்றினாலே கிடைத்துவிடும்.

சளி, காய்ச்சல் இருப்பவர்கள் அது தீர்ந்த பிறகு வாருங்கள். வயிற்றுத் தசை இல்லாமல் அவரால் பலமாக இருமிச் சளியை வெளியேற்ற முடியாது.

வருகிறவர் எண்ணிக்கை குறையும் காலம் இதுதான் என்பதும் எங்களுக்குத் தெரியும். எல்லோருக்கும் வீடு வாசல் இருக்கிறது. வாரத்தில் ஒருவர் ஒரு மாலை வந்தாலே போதும். முறைப்பட்டியலை இந்த மாதம் முதல் அண்ணனே எழுதுகிறார், உங்களுக்குத் தோதான நாளை அவரிடமே சொல்லுங்கள்.

நன்றியுடன்,
குடும்பத்தார்