மே தின மேடையும் 'அராஜகம்' என்ற வசவும்: இடதுசாரித் தோழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தோழர்களே,

வணக்கம். ஆண்டுதோறும் மே தினத்தன்று சிகாகோ தியாகிகளுக்கு வீரவணக்கம் செலுத்துகிறீர்கள். அதே மேடையில், பிடிக்காத எதையாவது ஏச வேண்டுமென்றால் 'அராஜகம்' என்று சொல்லிவிட்டு இறங்குகிறீர்கள். அரசே இல்லாமல் மக்கள் தாங்களே கூடி வாழலாம் என்னும் அரசின்மைவாதத்தையும் (அனார்கிசம்) அதே சொல்லால்தான் குறிக்கிறார்கள். 1887 நவம்பர் 11 அன்று தூக்கிலிடப்பட்ட பார்சன்ஸ், ஸ்பைஸ், ஃபிஷர், எங்கல் ஆகிய நால்வரும் அரசின்மைவாதிகள். 1886 மே மாதம் சிகாகோவில் தொழிலாளர் கூட்டத்தைக் கலைக்க வந்த போலீசார் மீது குண்டை வீசியவர் யாரென்று இன்றுவரை தெரியாது. இவர்கள் வீசியதாக அரசுத் தரப்பு நிரூபிக்கவுமில்லை. எழுத்துக்கும் பேச்சுக்கும்தான் அந்தக் கயிறு. பார்சன்ஸ் போலீஸ் கையில் சிக்காமல் தலைமறைவாக இருந்தவர். விசாரணை தொடங்கிய நாளில் தானாகவே நீதிமன்றத்துக்குள் நடந்து வந்து தோழர்களின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அரசு வேண்டாம் என்பவனுக்குச் சொல்லும் கிடையாது, கட்டுப்பாடும் கிடையாது என்று நினைக்கிறீர்களா? 1921 பிப்ரவரியில் ரஷ்ய அரசின்மைவாதச் சிந்தனையாளர் குரோபோட்கின் இறந்தார். போல்ஷெவிக் அரசின் மாஸ்கோ சிறையிலிருந்த அரசின்மைவாதிகள் சிலரை இறுதி ஊர்வலத்துக்காக ஒரு நாள் மட்டும் வெளியே விட்டார்கள். திரும்பி வருவோம் என்ற வாக்குறுதி ஒன்றுதான் பிணை. அடக்கம் முடிந்ததும், சொன்னபடியே சிறைக்குத் திரும்பினார்கள்.

அடுத்த மாதமே குரோன்ஸ்டாட். அந்த ரஷ்யக் கடற்படைத் தளத்தின் மாலுமிகள் போல்ஷெவிக் அரசை எதிர்த்துக் கிளர்ந்தார்கள். அவர்கள் எல்லோரும் அரசின்மைவாதிகள் அல்லர். அவர்களுடைய 15 கோரிக்கைகளில் முதலாவது, சோவியத்துகள் எனப்படும் மக்கள் மன்றங்களுக்கு ரகசிய வாக்கெடுப்பில் மறுதேர்தல். பதிலாக வந்தது, உறைந்த கடலின் மீது நடந்து வந்த அரசின் செஞ்சேனை. மார்ச் 18 அன்று எல்லாம் முடிந்திருந்தது. அன்று, பாரிஸ் தொழிலாளர்கள் எழுந்து நகரைத் தங்கள் கையில் எடுத்த பாரிஸ் கம்யூன் எழுச்சியின் 50ஆம் ஆண்டு நிறைவு நாள்! உள்நாட்டுப் போர், பஞ்சம், முற்றுகை என்ற உங்கள் பதில் எனக்குத் தெரியும். பாதி உண்மை. மீதிப் பாதியைத்தான் கேட்கிறேன்.

எங்கள் பக்கமும் அப்பழுக்கற்றது அல்ல. ஸ்பெயினில் அரசே கூடாது என்று முழங்கிய அரசின்மைவாதத் தொழிற்சங்கமான சி.என்.டி., 1936 நவம்பரில் நான்கு பேரை அந்நாட்டு அரசில் அமைச்சர்களாக அனுப்பியது. நீங்கள் சிரிக்கலாம், தலைகுனிந்து கேட்டுக்கொள்கிறேன்.

அரசு உதிர்ந்துபோகும் என்று நீங்களும்தான் சொல்கிறீர்கள். எப்போது, யார் கையால் என்பதில்தான் நமக்குள் தகராறு. அதைப் பேச, உங்கள் அரசியல் வகுப்பில் ஒரு மாலை ஒதுக்குங்கள். மறுப்புரையையும் நீங்களே வையுங்கள். அடுத்த மே தினத்தில் அந்த நால்வரின் பெயரைச் சொல்லும்போது, அவர்களுடைய கொள்கையின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தோழமையுடன்,
உங்கள் கூட்டங்களுக்குத் தவறாமல் வரும் ஓர் அரசின்மைவாதி