நீதிமன்றம் சொல்லும்வரை நிலத்தில் கை வைக்காதீர்கள்

தென்னாப்பிரிக்க தேசிய சட்டமன்றத்தின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். 2025 ஜனவரியில் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்ட நிலக் கையகப்படுத்தல் சட்டம், நியாயம் எனக் கருதப்படும் சில சூழல்களில் இழப்பீடின்றியே நிலத்தை எடுக்க இடம் தருகிறது. அதன் நோக்கத்தை நான் எதிர்க்கவில்லை. 1913ஆம் ஆண்டு நிலச் சட்டம் கறுப்பின மக்களுக்கு நாட்டு நிலத்தில் ஏறத்தாழ 7 விழுக்காட்டையே விட்டுவைத்தது. அந்த அநீதியைச் சரிசெய்யாமல் கைகட்டி நிற்கும் அரசு எங்களுக்கு வேண்டாம்.

ஆயினும் டர்பன் தமிழர்களாகிய எங்களுக்கு ஒரு நினைவு உண்டு. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950இன் குழுப் பகுதிகள் சட்டத்தால், டர்பனின் கேட்டோ மேனரில் கீரையும் கத்தரியும் பயிரிட்டு வந்த என் தாத்தா, தம் மண்ணை விட்டுச் சாட்ஸ்வொர்த்துக்குக் குடிபெயர நேர்ந்தது. கேட்டோ மேனரில் எங்கள் பழைய குடியிருப்பின் அடையாளமாக இன்றும் நிற்பவை சில கோயில்களே. நாடாளுமன்றமே உச்சம் என்றிருந்த காலம் அது. கலப்பின வாக்காளர்களைத் தனிப் பட்டியலுக்குத் தள்ளிய சட்டத்தை 1952இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என்றபோது, அரசு பணியவில்லை. 1955இல் மேலவையை 48 இடங்களிலிருந்து 89 ஆகப் பெருக்கி, தனக்குத் தேவையான மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையைத் தானே உண்டாக்கிக்கொண்டது.

2021 டிசம்பரில் நீங்கள் அப்படிச் செய்யவில்லை. சொத்துரிமை பற்றிய அரசமைப்பின் 25ஆம் பிரிவை, இழப்பீடின்றி நிலம் எடுக்க வெளிப்படையாக இடம் தரும்படி திருத்த 267 வாக்குகள் வேண்டியிருக்க 204 மட்டுமே கிடைத்தன. சட்டமன்றம் அம்முடிவை ஏற்றது. அதற்காக உங்களுக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டுள்ளேன்.

அரசைக் கட்டும் இதே அரசமைப்புதான் அரசைச் செயல்படவும் பணிக்கிறது. 2000ஆம் ஆண்டின் குரூட்பூம் வழக்கில், தலைக்குக் கூரையே இல்லாதவர்களை மறந்த வீட்டுவசதித் திட்டம், வீட்டுரிமை பற்றிய 26ஆம் பிரிவுக்கு முரணானது என அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிமன்ற ஆணையின்றி யாரையும் வீட்டைவிட்டு வெளியேற்றலாகாது என்பதும் அதே பிரிவுதான். இழப்பீட்டுத் தொகையை உரியவர் ஒப்ப வேண்டும், இல்லையேல் நீதிமன்றம் முடிவுசெய்யவோ ஏற்கவோ வேண்டும் என்கிறது 25ஆம் பிரிவு.

எனவே, இழப்பீடு சுழியம் என்று அரசு கருதும் ஒவ்வொரு நேர்விலும், நீதிமன்றம் அதை ஏற்கும்வரை நிலம் கைமாறக் கூடாது என விதிகளில் வெளிப்படையாக எழுதச் செய்யுங்கள். வழக்குச் செலவைத் தாங்க இயலாத சிறு உரிமையாளருக்கு அரசுச் செலவில் வழக்கறிஞர் கிடைக்கவும் வழி செய்யுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
டர்பன் குடிமகன் ஒருவன்