நாற்காலியை எங்கே வைப்பது?

மாற்றுத்திறனாளிகளான எங்களுக்கு வண்டி கொடுக்கும் அதிகாரிகளுக்கும், அந்த வண்டிக்கு நம்பர் கொடுக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன். தனித்தனியாக எழுதிப் பார்த்துவிட்டேன். ஓர் அலுவலகத்தில் "அது அவங்க பார்க்க வேண்டியது" என்றார்கள். அவர்களிடம் போனால் அவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

நான் வாடிப்பட்டியில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். 2009-இல் தென்னை மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு போனது. இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை, உணர்ச்சியும் இல்லை. ஐந்து வருடம் கழித்து, பக்கத்துக்கு ஒரு சக்கரம் வைத்த பெட்ரோல் ஸ்கூட்டர் கிடைத்தது. நன்றி கெட்டவன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது, அதனால் இதை முதலில் சொல்கிறேன்: அந்த வண்டி வந்த வாரம் ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தனியாக ஓட்டி மதுரைக்குப் போனேன். வைகைப் பாலத்தின் மேல் காற்று முகத்தில் அடித்தபோது அழுதுவிட்டேன். ஹெல்மெட் போட்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

போய்ச் சேர்ந்தேனே தவிர, இறங்க முடியவில்லை. சக்கர நாற்காலி வீட்டுத் திண்ணையில் இருந்தது. ஸ்பேர் பார்ட்ஸ் கடை வாசலில் வண்டியிலேயே உட்கார்ந்து, போகிற வருகிற பையன்களை "தம்பி, உள்ள போய் முதலாளிய கொஞ்சம் கூப்பிடுப்பா" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம் கழித்து முதலாளி வந்து, சில்லறை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "இந்தா" என்று ஐந்து ரூபாயை நீட்டினார். நான் டிஸ்ப்ளே வாங்கப் போயிருந்தேன்.

இந்த மடலில் நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். நீங்கள் கொடுத்த வண்டி என்னைக் கொண்டுபோகிறது, என் நாற்காலியைக் கொண்டுபோகவில்லை. நாற்காலி இல்லாமல் நான் எங்கே போனாலும் வண்டி சீட்டோடு சரி.

இந்த வண்டியைத் திட்டமிட்டவர்கள் மனதில் இருந்தது போலியோ வந்தவர்கள் என்று நினைக்கிறேன். அவர்களுக்கு இது அருமையான வண்டி. போலியோ வந்த என் கூட்டாளி ஒருவர் ஊன்றுகோலை வண்டியின் பக்கத்தில் செருகிக்கொண்டு ஓட்டுவார், இறங்கும்போது அதை உருவிக்கொண்டு நடந்துவிடுவார். என் ஊன்றுகோலுக்கு நாலு சக்கரம், எடை 18 கிலோ. எங்கே செருகுவது? இயற்கையாகப் பரவும் போலியோ கிருமியால் இந்தியாவில் கடைசியாக ஒரு குழந்தை பாதிக்கப்பட்டது 2011 ஜனவரியில். இனி புதிதாக உங்களிடம் மனு கொடுக்க வருகிறவர்களில் மரத்திலிருந்து விழுந்தவன், சாரத்திலிருந்து விழுந்தவன், நாலுவழிச் சாலையில் அடிபட்டவன் என்று என்னைப் போன்றவர்கள்தான் கூடிக்கொண்டு போவோம். ஆள் மாறிவிட்டோம், வண்டி மட்டும் மாறவில்லை.

நாற்காலிக்காரனுக்கு இந்த ஸ்கூட்டரில் வரும் சிரமங்களை, உட்கார்ந்து பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஸ்கூட்டர் சீட் தரையிலிருந்து சுமார் 30 அங்குலம், என் நாற்காலியின் சீட் 19. இந்த 11 அங்குலத்தை இரண்டு கைகளால் மட்டும் ஏற வேண்டும். ஒரு கையை வண்டி சீட்டிலும் ஒரு கையை நாற்காலிப் பிடியிலும் ஊன்றி, தலையை எதிர்ப்பக்கம் சாய்த்து, இடுப்பைத் தூக்கி எறிய வேண்டும். கால் தானாக வராது. உடம்பு ஏறிய பிறகு, பேன்ட்டைப் பிடித்து ஒவ்வொரு காலாகத் தூக்கி வைக்க வேண்டும். ஒரு நாள் அப்படி இறங்கும்போது கெண்டைக்கால் சைலன்சரில் பட்டிருக்கிறது. எனக்குத் தெரியவே தெரியாது. ராத்திரி வீட்டுக்காரி காலைத் துடைக்கும்போது கையளவு கொப்புளத்தைப் பார்த்து அலறினாள். அது ஆற நாலு மாதம் ஆயிற்று, நாலு மாதமும் கடை பூட்டிக் கிடந்தது.

அப்புறம் பின்னால் வரிசையாக நிற்கும் அந்த மூன்று சக்கரம். எஞ்சின் சுற்றுவது நடுச் சக்கரத்தை மட்டும்தான். பக்கச் சக்கரம் இரண்டும் மேட்டில் ஏறி, நடுவில் பள்ளம் விழுந்தால் நடுச் சக்கரம் அந்தரத்தில் நின்று சும்மா சுற்றும். வண்டி நகராது. காலை ஊன்றித் தள்ள என்னால் முடியாது, ரிவர்ஸும் கிடையாது. எங்கள் தெருமுனையில் குடிநீர்க் குழாய்க்குத் தோண்டி மூடிய இடத்தில் மட்டும் இதுவரை ஆறு தடவை மாட்டியிருக்கிறேன். ஏழாவது தடவைக்குள் அங்கே சிமென்ட் போட்டுவிடுவார்கள் என்று நம்புகிறேன், அது வேறு மடல்.

சரி, புலம்பலை விடுகிறேன். என் மைத்துனன் வெல்டிங் தெரிந்தவன். மதுரை செல்லூரில் அவனுக்குத் தெரிந்த ஒரு பட்டறை அண்ணன் இருக்கிறார். மூன்று பேரும் பேசி முடிவு செய்தது ஒன்றுதான்: என்னை நாற்காலியிலிருந்து எடுக்கக் கூடாது. நாற்காலியோடு பின்பக்கமாக உருட்டிக்கொண்டு ஏறி, அதிலேயே உட்கார்ந்து ஓட்டி, அதோடு இறங்கிப் போக வேண்டும்.

முதலில் ஒரு பழைய இ-ரிக்‌ஷாவின் பின் அச்சை வாங்கி அதன் மேல் தகடு போட்டோம். அச்சு குறுக்கே போவதால் தகடு 14 அங்குல உயரத்துக்குப் போய்விட்டது. நாலடிச் சாய்தளப் பலகை வைத்தால் சுவர் மாதிரி நின்றது. கட்டடத்துக்குச் சொல்லும் கணக்கு 12 அடிக்கு 1 அடி ஏற்றம். அந்தக் கணக்குப்படி என் வண்டிக்குப் பின்னால் 14 அடிப் பலகை தொங்க வேண்டும். பாதி ஏறும்போது நாற்காலி மல்லாக்கச் சாய்ந்தது. பின்னால் நின்ற மைத்துனன் பிடித்துக்கொண்டு, "மாமா, அக்காகிட்ட சொல்லிராதீங்க" என்றான்.

பட்டறை அண்ணன் ஒரு வாரம் யோசித்தார். பிறகு அச்சையே தூக்கிப் போட்டுவிட்டார். இரண்டு பின் சக்கரங்களையும் தனித்தனிக் கையில் மாட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஷாக் அப்சார்பர் வைத்தார். மோட்டார் சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் ஹப் மோட்டார், பக்கத்துக்கு ஒன்று. குறுக்கே எதுவும் போகாததால் நடுவில் தகடு தொட்டி மாதிரி இறங்கிவிட்டது. இப்போது உயரம் 7 அங்குலம், பலகை 3 அடி. இரண்டு தள்ளில் நானே ஏறிவிடுகிறேன். இன்னும் இறக்கலாமே என்று கேட்டேன். "இறக்கலாம், வேகத்தடை உன் வயித்தைக் கிழிக்கும்" என்றார். சாலை விதிப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம்தான் இருக்க வேண்டும். எங்கள் பக்கத்து வேகத்தடைகள் அந்த விதியைப் படித்ததில்லை. இரும்புச் சட்டகத்தின் கனம் போகத் தகட்டுக்கு அடியில் 5 அங்குலம் விட்டிருக்கிறோம். அதற்குக் குறைந்தால் ஊருக்குள் ஓட்ட முடியாது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முன்பக்கம் ஒரு பழைய மின்சார ஸ்கூட்டருடையது. ஹேண்டிலை ஒன்றேகால் அடி பின்னுக்கு நீட்டியிருக்கிறோம். கியர், கிளட்ச் கிடையாது. ரிவர்ஸ் ஒரு சுவிட்சில் வந்துவிடுகிறது. இடது லீவரை அழுத்தினால் இரண்டு பின் சக்கரமும் சேர்ந்து பிடிக்கும், வலது லீவர் முன் சக்கரத்துக்கு. நாற்காலியின் சட்டத்தை நாலு மூலையிலும் லாரிக்காரர்கள் சரக்கைக் கட்டும் ராட்செட் பெல்ட்டால் கொக்கியில் இழுத்துக் கட்டுகிறோம். வயிற்றுத் தசைக்குப் பலம் இல்லாததால் பிரேக் போட்டால் முன்னால் விழுந்துவிடுவேன், அதற்கு மார்புப் பட்டை. பலகை மூடாமல் ஆக்சிலேட்டர் வேலை செய்யாது. சைடு ஸ்டாண்டு போட்டிருந்தால் வண்டி கிளம்பாமல் இருக்குமே, அதே சுவிட்சுதான். அந்த யோசனை என்னுடையது. மெக்கானிக் வேலையில் செல்போன்காரனும் ஒரு வயரைச் சேர்த்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசை.

கண்மாய்க் கரையிலும் களத்து மேட்டிலும் மட்டும் ஓட்டிப் பார்த்தோம். மேடு பள்ளத்தில் நிற்கவில்லை, திருப்பத்தில் தூக்கவில்லை. அப்புறம்தான் நம்பர் வாங்கப் போனோம். எந்த அலுவலகம் என்று எழுதவில்லை, அந்த அதிகாரி மேல் எனக்குக் கோபமும் இல்லை. வண்டியைச் சுற்றி வந்தார், குனிந்து பார்த்தார், ஆர்.சி. புக்கைத் திருப்பினார். "ஸ்கூட்டர்னு போட்டிருக்கு. இதுல ஸ்கூட்டர் எங்கங்க இருக்கு?" என்றார். நியாயமான கேள்வி. சேஸ் நம்பர் அடித்த முன் குழாய் மட்டும்தான் பழசு, பாக்கி எல்லாம் செல்லூர்.

அவருடைய சிக்கல் எனக்குப் புரிகிறது. பதிவான ஸ்கூட்டரில் பக்கச் சக்கரம் மாட்டினால் அது மாற்றம், அதற்கு வழி இருக்கிறது. புதிதாகவே ஒரு வண்டி செய்தால் அது தயாரிப்பு, புனேயில் இருக்கும் ஏஆர்ஏஐ போன்ற ஒரு வாகனச் சோதனை நிலையத்துக்குப் போய், இந்த மாடல் சரிதான் என்று ஒப்புதல் வாங்க வேண்டும். ஆயிரக்கணக்கில் வண்டி விற்கும் கம்பெனிக்கு அது சரி. ஒரே ஒரு வண்டி செய்த பட்டறைக்கு அந்தச் செலவு எப்படிக் கட்டும்? எங்கள் வண்டி இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது, என் தெருமுனைப் பள்ளத்தில் ஸ்கூட்டர் மாட்டுவது போல.

ஆனால் சட்டம் நீங்கள் நினைப்பதைவிட எங்கள் பக்கம் அதிகமாகவே சாய்ந்திருக்கிறது. 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தில் எங்கள் வண்டிக்குப் பெயர் 'இன்வாலிட் கேரேஜ்'. அதைப் பார்த்த என் மகள், "இன்வாலிட்னா, போன்ல பின் நம்பர் தப்பாப் போட்டா வருமே, அதானப்பா?" என்று கேட்டாள். அதேதான் என்றேன். அந்தப் பழைய விளக்கத்தில், வண்டி ஊனமுற்றவருக்கென்றே செய்யப்பட்டதாக இருக்க வேண்டும், வெறுமனே மாற்றியமைத்ததாக இருக்கக் கூடாது என்று இருந்தது. 2019 திருத்தம் அந்தப் பெயரையும் அந்த நிபந்தனையையும் எடுத்துவிட்டது. இப்போது 'அடாப்டட் வெஹிக்கிள்', மாற்றியமைக்கப்பட்ட வாகனம். தனியாகச் செய்ததும் சேரும், இருப்பதை மாற்றியதும் சேரும். 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு, எங்கள் சொந்தப் போக்குவரத்துக்குக் கட்டுப்படியாகும் செலவில் அரசு திட்டம் போட வேண்டும் என்கிறது. வண்டிகளை மாற்றியமைப்பதையும் அதில் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. கதவு திறந்துதான் இருக்கிறது, படியில் சாய்தளம் மட்டும் இல்லை.

சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான நியோபோல்ட் இருக்கிறதே என்பீர்கள். நாற்காலிக்கு முன்னால் மாட்டிக்கொள்ளும் மோட்டார் வண்டி, நல்ல யோசனை. நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டியதே இல்லை என்பதை என்னைவிட முன்னால் புரிந்துகொண்டவர்கள் அவர்கள். ஆனால் அது மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஓடுவது. ஊருக்குள் போதும். வாடிப்பட்டியிலிருந்து மதுரைக்கு, பக்கத்தில் பஸ்ஸும் டாரஸ் லாரியும் பறக்கிற சாலையில், சின்னச் சக்கர நாற்காலியோடு போக எனக்குத் தைரியம் போதவில்லை.

அதனால் கேட்கிறேன். வண்டி கொடுக்கிறவர்களே, மனுப் படிவத்தில் ஒரு வரி கூட்டுங்கள்: இறங்கிய பிறகு எப்படி நகர்வீர்கள்? சக்கர நாற்காலி என்று எழுதுகிறவனுக்கு ஏறி ஓட்டும் வண்டி, ஊன்றுகோல் என்று எழுதுகிறவனுக்குப் பழைய ஸ்கூட்டரே போதும். நம்பர் கொடுக்கிறவர்களே, பட்டறையில் செய்த வண்டி எதில் தேற வேண்டும் என்று ஒரு தாளில் போடுங்கள். தளம் எத்தனை உயரம், பலகை எவ்வளவு சாய்வு, கொக்கி எத்தனை கிலோ இழுவையைத் தாங்க வேண்டும், வண்டியை எத்தனை டிகிரி சாய்த்தால் கவிழாமல் நிற்க வேண்டும், என்ன வேகத்தில் எத்தனை அடிக்குள் நிற்க வேண்டும். சோதனைக்குப் புனே வரை போக வேண்டாம். திருப்பரங்குன்றத்தில் 1957-இலிருந்து ஒரு பொறியியல் கல்லூரி இருக்கிறது, அங்கே ஒரு நாள் ஏற்பாடு செய்தால் போதும். தேறாவிட்டால் தேறவில்லை என்று சொல்லுங்கள், திரும்பச் செய்துகொண்டு வருகிறோம். எதில் தோற்றோம் என்று தெரியாமல் திரும்பி வருவதுதான் தாங்கவில்லை. அந்தச் சோதனையின்போது ஒரு நாற்காலிக்காரனையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மெத்தை எவ்வளவு கனம் இருந்தால் புட்டத்தில் புண் வராது என்பது எந்தக் கருவிக்கும் தெரியாது.

வருகிற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு மனுவோடு வருகிறேன். நீங்கள் அளந்து பார்க்க வண்டியையும் கொண்டுவருகிறேன். நம்பர் இல்லாததால் ரோட்டில் ஓட்டக் கூடாது, சட்டத்தை மீற எனக்கு விருப்பம் இல்லை. ஆகவே என் வண்டியை ஒரு குட்டியானை லோடு வண்டியில் ஏற்றி, வாடகை 1,500 ரூபாய் பேசியிருக்கிறேன். டிரைவர் பக்கத்து சீட்டுக்கு என்னை மைத்துனன் தூக்கி உட்காரவைப்பான். நாற்காலி பின்னால், வண்டிக்கு மேலே, கயிற்றில் கட்டி வரும். டேப்பும் நானே எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
வாடிப்பட்டி செல்போன் கடைக்காரன்